லேப் சாரின் கரண்ட் வண்டி

எங்கள் எதிர்வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, அமிலம் அளந்து ஊற்றி, பிள்ளைகள் உடைத்துப் போட்ட கண்ணாடியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தவர். வாத்தியார் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்திலும் சரி, எங்கள் குடியிருப்பிலும் சரி, அவர் லேப் சார்தான். விரல் நுனிகளில் என்ன தேய்த்தாலும் போகாத மஞ்சள் கறை இருக்கும். எதையும் அளந்துதான் பேசுவார். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்க மாட்டார். "அரை டம்ளர்" என்பார்.

எனக்கு முதல் தெருவில் மருந்துக்கடை. அதனால் என்னை அவர் கூப்பிடுவது ‘மருந்து’ என்று. "என்ன மருந்து, இன்னிக்கு வியாதிக்கெல்லாம் லீவா?" என்று மாடிப்படியில் கேட்டால், கடைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

அவருடைய மனைவி வீட்டிலேயே துணி திருத்தித் தருபவர். காற்சட்டையின் நீளம் குறைக்க, இடுப்பைப் பிரித்துவிட, ஜிப் மாற்ற என்று மூன்று தெருவுக்கும் அவர்தான். நான் அவரை அக்கா என்பேன். வாய் ஓயாத மனுஷி. எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தால், தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அங்கிருந்து என் மனைவியோடு பேசுவார். அவர்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள்.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ்: செவ்வாய், வியாழன், சனி. இடம் கிடைத்த ஆஸ்பத்திரி நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி. பக்கத்தில் இருந்தவற்றில் எல்லாம் பெயர் எழுதி வைத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். யாராவது செத்தால்தான் இடம் என்பதை வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

முதலில் பஸ். இரண்டு பஸ் மாறிப் போய், நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்து, துவண்டுபோய்த் திரும்ப இரண்டு பஸ். அது ஒரு மாதம்கூட ஓடவில்லை. பிறகு வாடகைக் கார். அதில் இன்னொரு வினை. வியாதி வந்ததிலிருந்து அக்காவுக்குப் பெட்ரோல், டீசல் நாற்றமே ஆகவில்லை. வண்டி கிளம்பினதும் குமட்டும். வாந்தி எடுக்கப் பை கொண்டுபோவார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து முகம் சுளிப்பான். அக்கா கூசிப்போவார். ஒரு நாள் பாதி வழியில் ஒருத்தன் இறக்கியே விட்டுவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் லேப் சாரின் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியர் வெளியூர் போகிறேன் என்று தன் எலெக்ட்ரிக் காரை விற்க முன்வந்தார். நாலரை வருஷம் ஓடிய வண்டி. லேப் சார் வாங்குவதாக முடிவு செய்யவில்லை. ஓட்டிப் பார்க்கக் கேட்டார். அக்காவைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினார். பாலத்தைத் தாண்டும்போது அக்கா கேட்டாராம்.

"ஏங்க, வண்டி ஓடுதா நிக்குதா?"

"ஓடுது. ஏன்?"

"ஒண்ணும் தெரியலையே. சத்தமும் இல்ல, நாத்தமும் இல்ல."

திரும்பி வரும்போது அக்கா தூங்கிவிட்டார். வியாதி வந்த பிறகு வண்டியில் அவர் தூங்கியது அதுதான் முதல் தடவை. லேப் சார் பேரம்கூடப் பேசவில்லை.

எங்கள் குடியிருப்பில் இருபத்துநான்கு வீடுகள். கீழ்த்தளத்தில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துமிடம். லேப் சாரின் இடம் மூன்றாவது தூண், பக்கத்தில் என் இடம். தன் மீட்டரிலிருந்து முறையாக ஒயர் இழுத்து, எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு பிளக் போட்டுக்கொண்டார். சாயங்காலம் வந்து செருகுவார். காலையில் பிடுங்கிவிட்டுக் கிளம்புவார். எல்லாருக்கும் வேடிக்கை. "என்ன சார், போன் மாதிரி சார்ஜ் போட்டுட்டுப் போறீங்க, மிஸ்டு கால் குடுத்தா வருமா?" என்று நான்கூடக் கிண்டல் செய்வேன். வண்டி வருவதே தெரியாது. ஒரு தடவை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றபோது நான் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டேன்.

"சார், இது வண்டியா திருடனா? ஹாரனாவது அடிங்க."

"அடிச்சா அவ முழிச்சுக்குவா மருந்து."

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது நல்ல வண்டிதான். குலுங்காது, ஊசி குத்திய கை வலிக்காமல் வந்து சேரும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதும் குளிர்சாதனம் ஓடும், புகை கிடையாது. வாடகைக் காருக்குப் போய்க்கொண்டிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட மின்சாரத்துக்கு ஆகவில்லை. அதைவிடப் பெரிது, அவர்கள் பேசிக்கொண்டார்கள். "இருபத்தேழு வருஷத்துல பேசாததையெல்லாம் இந்த ஒரு வருஷத்துல பேசிட்டோம். எஞ்சின் சத்தம் இல்லாததால வேற வழியில்ல" என்று லேப் சார் ஒரு நாள் சிரித்தார். அக்கா மறுபடி மெஷின் முன்னால் உட்கார ஆரம்பித்தார். என் மகளின் பள்ளிச் சீருடையைக்கூட அப்போது அவர்தான் பிரித்துத் தைத்தார்.

பிறகு அந்த வீடியோ வந்தது. எங்கேயோ ஓர் ஊரில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சார்ஜில் இருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றி எரிகிறது. புகை மாடிப்படி வழியாக ஏறுகிறது. ஜன்னலில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் கத்துகிறாள். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதை ஒரே நாளில் ஆறு பேர் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம்.

சங்கச் செயலாளர் கெட்டவர் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்காவுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது தன் மருமகனை அனுப்பியவர். அவர் கையில் காகிதத்தோடு எழுந்து நின்றார்.

"சார், உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா? ஆனா என் பொண்ணு கைக்குழந்தையோட அந்த மூணாவது தூணுக்கு நேர் மேல இருக்கா. வீடியோ பாத்ததுலேருந்து அவ தூங்கல."

"அது ஸ்கூட்டர் சார். மட்டமான சார்ஜர் போட்டிருக்காங்க. இது வேற."

"வேறதான், ஒத்துக்கறேன். நீங்க லேப்ல இருக்கறவர், எங்களைவிடத் தெரிஞ்சவர். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இது பத்தவே பத்தாதுன்னு சொல்லுங்க. இந்தப் பேப்பரை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

எல்லாரும் லேப் சாரைப் பார்த்தோம். சொல்லிவிடுங்களேன் என்று எனக்கு வாய்வரை வந்தது. அவர் தன் மஞ்சள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தவே பத்தாதுன்னு எதையும் சொல்ல முடியாது சார். ரொம்ப ரொம்பக் குறைவு. இங்க நிக்கற பெட்ரோல் வண்டிங்களைவிடக் குறைவு." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஆனா பத்திக்கிச்சுன்னா அணைக்கறது கஷ்டம்."

யாரும் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னார். அத்தோடு முடிந்துபோயிற்று. கட்டடத்துக்குள் சார்ஜ் செய்யக் கூடாது என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் செயலாளர். கைகள் எழுந்தன. என் வண்டி அந்த வண்டிக்கு ஒட்டினாற்போல் நிற்கிறது. என் மகள் மேலே தூங்குகிறாள். இதெல்லாம் பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நிமிஷத்தில், எல்லாரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். பத்தொன்பது கைகள். லேப் சார் எண்ணிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். என்னிடம் வந்தபோது அவர் பார்வை நிற்காமல் அடுத்தவரிடம் போயிற்று.

மறுநாள் அவரே ஒயரைச் சுருட்டி எடுத்தார். மாடி ஜன்னலிலிருந்து ஒயர் தொங்கவிட்டு வெளி மதிலோரம் சார்ஜ் போடலாமா என்று கேட்டார். மழைக்கு ஆபத்து என்று அதுவும் வேண்டாம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டார், ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியர். ஆஸ்பத்திரியில் கேட்டார், காவலாளி சிரித்தான்.

கடைசியில் மிஞ்சியது, நான்கு கிலோமீட்டர் தள்ளி வணிக வளாகத்தின் பின்பக்கம் இருந்த சார்ஜிங் நிலையம். இரண்டு மெஷின். ஒன்று நிலையம் திறந்த நாளிலிருந்தே செத்துக் கிடந்தது. இன்னொன்றுக்கு வாடகை எலெக்ட்ரிக் கார்களின் வரிசை. லேப் சார் விடியற்காலை ஐந்து மணிக்கே போய் வரிசையில் நிற்பார். போன் ஆப் திறக்காது. திறந்தால் பணம் போகும், கரண்ட் வராது. வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண் குரல் இனிமையாக மன்னிப்புக் கேட்கும். ஆஸ்பத்திரி இல்லாத நாளென்றால் அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். இரண்டு தடவை தாமதமாகப் போய் எழுத்தில் விளக்கம் கொடுத்தார். பொறுமையான மனிதர், ஒரு நாள் கடை வாசலில் யாரிடமோ போனில் கத்திக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவரிடம் பேச எனக்கு முகம் இல்லை. அவர் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகுதான் நான் கதவைத் திறப்பேன். இதற்குள் அக்காவும் கதவைச் சாத்தி வைக்கப் பழகிவிட்டார்.

இரண்டாவது கோடையில் பேட்டரி தளர்ந்தது. முன்பெல்லாம் போய்வந்த பிறகும் முப்பது சதவீதம் மிச்சமிருக்கும். அது இருபதாகி, பத்தாகி, கடைசியில் வீடு வந்து சேரும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பெனி பணிமனையில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "வேகமா சார்ஜ் ஏத்துற மெஷின்லயே தினமும் போட்டா இப்படித்தான் ஆகும் சார்" என்றார்கள். உத்தரவாதம் முதல் சொந்தக்காரருக்கு மட்டும். புதுப் பேட்டரியின் விலையைக் கேட்டுவிட்டு அவர் மறு பேச்சில்லாமல் வந்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை திரும்பி வரும்போது பாலம் வேலை என்று வழியைத் திருப்பிவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்று. அக்காவே குளிர்சாதனத்தை நிறுத்தச் சொன்னார். உச்சி வெயில். வழியில் இருந்த ஒரே சார்ஜிங் மெஷின் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று காட்டியது. வீட்டுக்குப் பத்தொன்பது கிலோமீட்டர். வண்டி பதினொன்றுதான் போகும் என்றது. அக்காவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. லேப் சார் சாலையோரத்தில் ஒரு மரச்சாமான் பட்டறையைப் பார்த்து நிறுத்தி, கை கூப்பி ஒரு பிளக் கேட்டார். பட்டறைக்காரர் தன் இழைப்பு மெஷினைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தார். பாலிஷ் போடாத ஒரு கட்டிலில் மரத்தூளைத் தட்டிவிட்டு அக்காவைப் படுக்கவைத்தார்கள். ஒன்றரை மணி நேரம்.

"கட்டில் நல்லாருக்கு அண்ணே. விலை என்ன?" என்று கேட்டாராம் அக்கா.

"உடம்பு தேறி வாங்கம்மா. உங்களுக்குக் குறைச்சுத் தரேன்."

"தேறிட்டா எனக்கெதுக்கு அண்ணே கட்டிலு?"

பட்டறைக்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லையாம். சிரித்தது அக்கா மட்டும்தான்.

அதற்குப் பிறகு வந்த வாரம், வெள்ளிக்கிழமை ராத்திரி யாரோ சார்ஜிங் நிலையத்தின் ஒயரைச் செம்புக்காக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை விடியற்காலை லேப் சார் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அக்கா தலை வாரி, பையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ இருக்கு?"

"முப்பத்தஞ்சு. நேத்து காலையில அவ்ளோதான் ஏறுச்சு. போகவே பத்தாது. டாக்ஸி கூப்பிடறேன்."

"அந்த நாத்தத்துல என்னால முடியாதுங்க. நடுவுல ஒரு நாள்தானே. திங்கக்கிழமை உள்ள சேத்துக்குவாங்களான்னு கேளுங்க. பாருங்க, கால்ல வீக்கமே இல்ல."

அவர் போன் செய்து திங்கட்கிழமைக்கு இடம் கேட்டு வாங்கினார். அன்று வெயில் தாங்கவில்லை. டாக்டர் சொல்லியிருந்த அளவுக்கு மேல் அக்கா தண்ணீர் குடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவு திறந்த வேகத்தில் சுவரில் மோதிய சத்தம் கேட்டு நான் ஓடினேன். அக்கா கட்டிலின் விளிம்பில் முன்னால் குனிந்து உட்கார்ந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். உதடு நீலம். நுரையீரலில் நீர் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. டீசல் வண்டி. புகையை அக்கா கவனித்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு முடிந்துவிட்டது. அக்கா அன்றைக்குத்தான் டயாலிசிஸுக்குப் போயிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் இரும்பு பெஞ்சில் பெண்ணின் வருகைக்காகக் காத்திருந்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு லேப் சார் என்னிடம் பேசினார். சனிக்கிழமை நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அவ வேணாம்னு சொன்னா பாருங்க மருந்து, அப்ப எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. இன்னிக்கு ஒரு நாள் அந்த வரிசையில நிக்க வேணாம்னு. இதை நான் யார்கிட்ட சொல்ல?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எதிர்வீட்டுத் தம்பிகிட்ட கேட்டுப் பாக்கலாமேன்னு அவ சொன்னா. அவர் வண்டின்னா வாந்தி எடுத்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டார்னு. நான்தான் வேணாம்னுட்டேன். நீங்க சங்கடப்படுவீங்கன்னு."

அந்தச் சனிக்கிழமை முழுதும் என் கார் தூணுக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. நான் கடைக்கு நடந்து போயிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துச் செயலாளர் லேப் சார் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். செயலாளர் மெலிந்துபோயிருந்தார், அவரும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

"சார், எல்லார்கிட்டயும் பேசிட்டேன். இனிமே நீங்க கீழேயே சார்ஜ் போட்டுக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

லேப் சார் கோபப்படவில்லை. சந்தேகம் கேட்கிறவரைப் போலத்தான் கேட்டார்.

"எங்க போறதுக்கு சார்?"

வண்டியை விற்கப் பார்த்தார். பழைய கார் வாங்குபவர்கள் போனிலேயே வேண்டாம் என்றார்கள். ஒருவன் மட்டும் வந்து, பேட்டரியைப் பிரித்துத் தன் கடைக்கு விளக்கெரிய வைத்துக்கொள்கிறேன், மற்றதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றான். அவனையும் அனுப்பிவிட்டார். வேலைக்குப் போனார், வந்தார். அக்காவிடம் திருத்தக் கொடுத்திருந்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பாதி தைத்ததைத் தைத்தவரை அப்படியே கொடுத்தார்.

எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. எத்தனையோ நாள் கதவு வரை போய்த் திரும்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாய்க்கு வந்த ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"சார், வண்டி மாத்தலாம்னு இருக்கேன். எலெக்ட்ரிக் வாங்கலாமா?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு கேவலமான சாக்கு என்று உறைத்தது. ஆனால் அவர் முகம் மாறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோதனைக் குறிப்பு வாசித்துக் காட்டுவதுபோல் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஓட்டும் செலவு குறைவு. சத்தம், புகை இல்லை. ஆயில், பெல்ட் என்று தொல்லை கிடையாது. சொந்த வீடு, சொந்த பிளக் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லாவிட்டால் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். காகிதத்தில் போட்டிருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். வெயிலில் இன்னும் குறையும். நூறு சதவீதம் ஏற்றக் கூடாது, எண்பதோடு நிறுத்த வேண்டும். பழைய வண்டி என்றால் முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும், அவர் சோதிக்கவில்லை. விற்றால் காசு வராது. அரை மணி நேரம் பேசினார். ஒரு தடவைகூட அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பற்றியும் சொல்லவில்லை.

"மொத்தத்துல நல்ல வண்டி, மருந்து. நீங்க தாராளமா வாங்கலாம்" என்று முடித்தார்.

நான் சரி என்று தலையாட்டினேன். சொல்ல வந்ததைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி.

வீட்டுக்குள் வந்ததும் என் மனைவி கேட்டாள்.

"பேசினீங்களா?"

"பேசினார்" என்றேன்.